புதைந்த குழாயும் மறைந்த மனிதனும்

வீட்டின் பெருமையைக் காட்டுக என்றால், நம்மவர் முன்வாயிலைக் காட்டுவர். பாட்டன் காலத்துத் தேக்குத் தூணைக் காட்டுவர். பூவேலை செதுக்கிய நிலைப்படியைக் காட்டுவர். கூடத்தில் ஆடும் ஊஞ்சலைக் காட்டுவர். புறக்கடைச் சுவரோரம், கறுத்துத் துருவேறி, மாடிக்கும் மேலாகத் தலை நீட்டி நிற்கும் இரும்புக் குழாயைக் காட்டுவார் எவருமிலர். "அதையும் காட்டுவதா!" என்று முகம் சுளிப்பர். ஊஞ்சலின்றி அவ்வீட்டில் வாழலாம்; பூவேலையின்றி வாழலாம்; அக்குழாயின்றி மூன்று நாள் வாழ இயலாது.

முன்னே நின்று அழகு காட்டுவதற்கு மாலை. பின்னே நின்று உழைப்பதற்கு ஏளனம்! இந்நாட்டில் இந்தக் கதி குழாய்க்கு மட்டுமா நேர்ந்தது? மனிதர்க்கும் நேர்ந்தது. ஆகவேதான், பழைய வீடுகளின் வார்ப்பிரும்புக் கழிவுக் குழாயைப் பற்றிய பேச்சு, கொல்லன் பட்டறையோடும் கொத்தனார் கணக்கோடும் முடிந்துவிடுவதன்று. அது எப்படி வந்தது, எவர் தலையிலிருந்த சுமையை இறக்க வந்தது, மூத்துத் தளர்ந்துவிட்ட அதை இன்று எப்படிச் செப்பனிடுவது - இவ்வளவும் ஒரே வரலாற்றின் ஏடுகள். புரட்டிப் பார்ப்போம், தோழர்களே!

கொடுமுடியிலிருந்தே தொடங்குவோம். காவிரியின் மேற்குக் கரையில், ஈரோட்டுக்கும் கரூருக்கும் இடையே அமைந்த பேரூர் அது. கே. பி. சுந்தராம்பாளை 1908-இல் ஈன்ற ஊர். பவானியருகே புறப்படும் காலிங்கராயன் கால்வாய், 13-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது, வளைந்து நெளிந்து வந்து இந்த வட்டாரத்தை எட்டித்தான் தன் பயணத்தை முடிக்கிறது. ஊருக்குச் சற்றுக் கீழே நொய்யலாறு காவிரியில் கலக்கிறது. அந்த நொய்யலின் கரைவழியே மேற்கு நோக்கி நடந்தால், கொடுமணல் என்னும் சிற்றூர் எதிர்ப்படும். இன்று சிற்றூர், இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்போ இரும்பும் எஃகும் உருக்கிய தொழிற்பேட்டை. தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் அங்கே தோண்டி, உலைகளையும் இரும்புக் கசடுகளையும் வெளிக்கொணர்ந்தனர். உலைக்கூடத்தின் பிள்ளைகள் நாம்; இரும்பு நமக்குப் புதிதன்று.

ஆனால், அன்று நம்மவர் செய்ததற்கும் குழாய்க்கு வேண்டிய இரும்புக்கும் வேறுபாடு உண்டு. அன்றைய உலையில் பெரும்பாலும் கட்டியாகத் திரண்ட இரும்பைச் சம்மட்டியால் அடித்துக் கருவியாக்கினர். வார்ப்பிரும்பு அத்தகையதன்று. அதிலே கரிச்சத்து நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு வரை கலந்திருக்கும். அதனால் அது நீராக உருகும். அச்சில் ஊற்றினால் அச்சின் வடிவம் கொள்ளும். கெட்டியானபின் சுமை தாங்கும். ஆனால் சம்மட்டி அடியைத் தாங்காது, உடைந்துவிடும். இந்த வித்தையைச் சீனர் கி.மு. 5-ஆம் நூற்றாண்டளவிலேயே கற்றிருந்தனர். ஐரோப்பாவில் செர்மானியரின் தில்லன்பர்க் கோட்டைக்கு 1455-இல் வார்ப்பிரும்புக் குழாய் பதித்ததாக வரலாறு கூறுகிறது. 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி, தன் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்து நீரூற்றுகள் துள்ளி விளையாட அதே குழாயைப் புதைத்தான். மன்னன் மறைந்தான், மகுடம் மறைந்தது, அவன் புதைத்த குழாய்களிலே சில முந்நூறு ஆண்டு உழைத்தன!

கவனிக்க வேண்டும்: முதலில் இரும்புக் குழாய் கோட்டைக்கும் அரண்மனைக்கும் தூய நீரைக் கொண்டுவந்தது. ஏழை வீட்டுக் கழிவைக் கொண்டுபோக அது வந்தது நெடுநாள் கழித்தே. நீர் வரும் வழியைப் பற்றிக் கவலைப்படுவோர், கழிவு போகும் வழியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. இந்தப் பழக்கம் உலகுக்கே பொது. நம் நாட்டில் மட்டும் அது ஒரு கொடுமையாகவே வளர்ந்தது.

வடிகால் கட்டத் தெரியாதவர்களா இந்நாட்டோர்? சிந்துவெளியின் மொகஞ்சதாரோ நகரிலே, நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகட்கு முன்பே, வீட்டுக் குளியலறைக் கழிவு செங்கல் வாய்க்கால் வழியே தெருச் சாக்கடையை அடைந்தது. தெருச் சாக்கடை மூடப்பட்டிருந்தது. இடையிடையே படிவை அள்ளக் குழிகள் இருந்தன. வைகைக் கரைக் கீழடியிலே, 2019-இல் நடந்த ஐந்தாம் கட்ட அகழாய்வில், ஒன்றோடொன்று பொருத்திய சுடுமண் குழாய்கள் கிடைத்தன. உறைகிணறு கண்டவன், நீர் செல்லும் நெறியையும் கண்டிருந்தான். அறிவு இருந்தது, களிமண் இருந்தது, சூளை இருந்தது.

இருந்தும் என்ன நேர்ந்தது? பின்னர் வந்த நூற்றாண்டுகளில், குழாய் செய்யவேண்டிய வேலையை மனிதன் செய்யவேண்டியதாயிற்று. குழாய்க்குச் செலவு உண்டு. பிறப்பால் ஒருவனை அடிமைப்படுத்தினால் செலவில்லை! எந்திரம் தேவையில்லை, பொறியாளர் தேவையில்லை. 'இது உன் குலத்தொழில்' என்ற ஒரு சொல் போதும். மலிவான ஏற்பாடு, வசதியான ஏற்பாடு. வசதி மட்டும் மேலே இருந்தவர்க்கு! கொங்கு நாட்டில் அந்த வேலை பெரும்பாலும் அருந்ததிய மக்கள்மீது சுமத்தப்பட்டது. அதற்கென்றே பழைய நகரத் தெருக்களில் வீட்டுக்குப் பின்னே ஒரு குறுகிய சந்து விட்டனர். முன்வாயில் வழியே வரக்கூடாதவர், பின்சந்து வழியே வந்து, எடுப்புக் கக்கூசின் தகரத்தை இழுத்து, கூடையிலும் வாளியிலும் அள்ளிச் சுமந்து சென்றனர். பெண்களே பெரும்பாலோர். வீட்டார் அவர் முகத்தைப் பார்த்ததில்லை, பெயரைக் கேட்டதில்லை. அந்தச் சந்துகள் இன்றும் பல ஊர்களில் உண்டு. கல்வெட்டு இல்லாத வரலாற்றுச் சான்றுகள் அவை.

மேலை நாட்டவர் மட்டும் உயர்ந்த உள்ளத்தினர், உடனே திருந்தினர் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்களையும் சாவுதான் திருத்தியது. லண்டன் நகரின் சோகோ பகுதியில் 1854-இல் வாந்திபேதி நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. கெட்ட காற்றால் வருவது என்றனர் கற்றோர். ஜான் சுநோ என்ற மருத்துவர், செத்தவர் வீடுகளைப் படத்தில் குறித்து, பிராட் தெருவின் ஒரு குழாயடிக் கிணற்றை நோக்கி விரல் நீட்டினார். அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. 1858-ஆம் ஆண்டுக் கோடையில், தேம்சு ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றத்தின் சன்னல்களுக்குள்ளேயே புகுந்தது. ஏழைகளின் மூக்கில் ஏறியபோது அசையாத சட்டம், உறுப்பினர்களின் மூக்கில் ஏறியதும் ஓடியது! சோசப் பசல்கெட் என்னும் பொறியாளர் நகரின் அடியில் பெரும் செங்கல் சாக்கடைகளைக் கட்டினார். 1866-இல் வாந்திபேதி மீண்டும் வந்தபோது, புதிய சாக்கடை முழுமை பெறாத கிழக்குப் பகுதியே பெரிதும் மடிந்தது. இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

தெருவுக்கடியில் செங்கல் சாக்கடை எழுந்ததும், வீட்டிலிருந்து அதனை அடைய உறுதியான வழி வேண்டியதாயிற்று. அந்த வேலைக்கு வந்ததுதான் வார்ப்பிரும்புக் குழாய். கல்கத்தாவில் 1860-களிலும் 1870-களிலும் பாதாள சாக்கடை கட்டினர். சென்னையில் 1890-இல் பணி தொடங்கியது. பின்னர் 1910-இல், 1961-ஆம் ஆண்டில் நகரில் 6.6 இலட்சம் மக்கள் இருப்பர் என்று கணக்கிட்டு, முழு நகருக்கும் திட்டம் வகுத்தனர். 1961-ஆம் ஆண்டு வந்தது, மக்கட்கணக்கு எடுத்தனர், இருந்தவர்களோ 17 இலட்சத்துக்கும் மேல்! அக்குழாய்கள் பிறந்த நாள்முதல் சுமந்த பாரத்தை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

கோவைக்கு வருவோம். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் அந்நகரைப் பலமுறை தாக்கியது. அஞ்சிய மக்கள், பிளேக் மாரியம்மன் என்று நோயின் பெயரிலேயே கோயில் எழுப்பினர். நோய் கோயிலைப் பார்த்துத் திரும்பவில்லை. நெருக்கடியான தெருக்களை விட்டு மக்கள் வெளியேற, இரத்தினசபாபதிபுரம் போன்ற அகன்ற குடியிருப்புகள் எழுந்தன. மலையிலிருந்து சிறுவாணி நீர் குழாய் வழியே வந்தது. நகர் நலம் பெற்றது. ஈரோட்டிலும் அவ்வாறே. பின்னாளில் பெரியார் என்று நாடு போற்றிய ஈ. வெ. இராமசாமி, 1918-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஈரோடு நகராட்சியின் தலைவராக இருந்தபோது, காவிரி நீரைக் குழாய்வழி நகருக்குக் கொண்டுவரும் திட்டத்தை நிறைவேற்றினார். குளத்தில் யார் இறங்கலாம், கிணற்றில் யார் இறைக்கலாம் என்று சாதி பேசிய நாட்டில், தெருக்குழாய் எல்லோர் குடத்தையும் ஒன்றாகவே நிரப்பும் கருவியாயிற்று.

எனினும், நீர் வந்தது குழாயில். கழிவு போனது கூடையில்! இரண்டுக்கும் இடையே பல பத்தாண்டுகள் கழிந்தன. மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷாவைத் தமிழகம் 1970-களின் முற்பகுதியில் ஒழித்தது. மனிதன் மலத்தை மனிதன் சுமப்பதைத் தடுக்கும் நடுவண் சட்டமோ 1993-இல்தான் பிறந்தது. அதற்குள், வசதி படைத்தோர் வீடுகளில் நீரடிக் கழிப்பறை வந்திருந்தது. புறக்கடைச் சுவரில் வார்ப்பிரும்புக் குழாய் ஏறியிருந்தது. ஈரோடு, கோவை, கரூர் நகர்களின் மாடிவீடுகளிலும், கொடுமுடி போன்ற யாத்திரை ஊர்களின் விடுதிகளிலும், அந்தக் காலத்துக் கட்டடமெனில் அக்குழாயைக் காணலாம்.

அதனைப் பொருத்தியது ஒரு நுண்கலை. குழாயின் ஒரு முனை அகன்ற வாயாக இருக்கும். மேலிருந்து வரும் குழாயின் முனை அதனுள் இறங்கும். இடைவெளியில் தார் தோய்த்த சணலைத் திணித்து இறுக்குவர். அதன்மேல் ஈயத்தை உருக்கி ஊற்றுவர். ஆறும்போது ஈயம் சுருங்குமாதலால், உளியும் சுத்தியும் கொண்டு சுற்றிலும் அடித்து மீண்டும் இறுக்குவர். காற்றும் கசியாத மூட்டு அது. அந்த மூட்டைப் போட்ட தொழிலாளி சுவரில் தன் பெயரைப் பொறிக்கவில்லை. ஆனால், கூடை சுமந்த ஒரு பெண்ணின் தலையிலிருந்து ஒரு சுமையை அவன் இறக்கி வைத்தான். அந்தக் குழாய், ஒரு வகையில், இவ்வீட்டார் கழிவை இனி எந்த மனிதனும் தொடமாட்டான் என்று எழுதிக்கொடுத்த உறுதிமொழி.

உறுதிமொழி துருப்பிடித்தால்? அதுதான் இன்றைய கேள்வி.

வார்ப்பிரும்புக் கழிவுக் குழாயின் ஆயுள் 50 முதல் 75 ஆண்டு என்பது பொதுக் கணக்கு. நன்றாகப் பேணினால் நூறையும் தாண்டும். 1950-களிலும் 1960-களிலும் கட்டிய வீடுகளின் குழாய்கள் இப்போது அந்த எல்லையில் நிற்கின்றன. எப்படி அழிகிறது இரும்பு? கழிவிலே உள்ள கந்தகப் பொருள்களை, காற்றில்லாத இடத்து நுண்ணுயிர்கள் சிதைத்து, ஐதரசன் சல்பைடு என்னும் ஆவியை எழுப்புகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. அந்த ஆவி குழாயின் மேற்புறத்து ஈரத்தில் படிய, வேறுவகை நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் இரும்பைத் தின்கிறது. ஆகவே, கிடையாகச் செல்லும் குழாய் கழிவு ஓடும் அடிப்புறத்தில் மட்டுமன்று, கழிவே தொடாத முதுகுப்புறத்திலும் பிளக்கிறது. பார்ப்போர் வியப்பர், காரணம் இதுவே.

இன்னொரு நோயும் உண்டு. வார்ப்பிரும்பில் இரும்போடு கரியும் கலந்திருக்கிறது அல்லவா? நாளடைவில் இரும்பு கரைந்து போய்விட, பென்சிலுக்குள் இருப்பது போன்ற கரிக்கூடு மட்டும் நிற்கும். உருவம் குறையாது, நிறம் பெரிதும் மாறாது, ஆனால் கத்தி முனையால் சுரண்டினால் உதிரும். வெளியே குழாய், உள்ளே ஒன்றுமில்லை! சில பழம்பெருமைகளைப் போல. இவை போதாவென்று, உட்புறத்தில் துரு மேடுமேடாகப் படிந்து, நாலங்குல வழியை இரண்டங்குலமாகக் குறுக்கும். மரவேர் மூட்டுகளைத் தேடி நுழையும். அடிமண் தாழ்ந்தால் ஈய மூட்டு வாய் பிளக்கும்.

இவற்றோடு நாமே செய்யும் கேடும் ஒன்று உண்டு. அடைப்பு என்றதும் கடையில் ஆசிட் வாங்கி ஊற்றுகிறோம். வெள்ளைப் பீங்கானுக்கு அது பளபளப்புத் தரலாம். இரும்புக்கு அது நஞ்சு. மாதந்தோறும் ஊற்றுபவர், தம் வீட்டுக் குழாயை மாதந்தோறும் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டிருக்கிறார். அதன் பின்னும் வழிவிடவில்லையெனில்? பழைய நாட்டில் செய்ததையே மீண்டும் செய்கிறோம்: ஓர் ஆளைக் கூப்பிடுகிறோம்.

இங்கேதான், தோழர்களே, நெஞ்சை நிறுத்திச் சிந்திக்க வேண்டும். குழாயின் முதுகைத் தின்ற அதே ஆவி, அது சென்றடையும் தொட்டியிலும் சாக்கடைக் குழியிலும் தேங்கி நிற்கிறது. காற்றைவிடக் கனமானது; அடியிலே படுத்திருக்கும். சிறிதளவானால் நாற்றம் காட்டி எச்சரிக்கும். அளவு மிகுந்தால் மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று இறங்குபவன், நாற்றத்தை உணரும் ஆற்றல் போய்விட்டதை அறியான். சில மூச்சு, சாய்ந்துவிடுகிறான். அவனைத் தூக்க இன்னொருவன் இறங்குகிறான், அவனும் சாய்கிறான். இரும்பைத் தின்ன எழுபது ஆண்டு எடுத்துக்கொண்ட நஞ்சு, மனிதனைத் தின்ன எழுபது நொடிகூட எடுத்துக்கொள்வதில்லை!

தேசியத் துப்புரவுப் பணியாளர் ஆணையம் 1993 முதல் திரட்டிய கணக்கிலே, சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் மாண்டோர் தொகையில் தமிழ்நாடு இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களோடு முன்வரிசையில் நிற்கிறது. முன்வரிசை என்று மார்தட்ட வேண்டிய இடமா இது? மாண்டவர்கள் எந்தச் சேரியிலிருந்து வந்தார்கள் என்று கேட்டால், விடை ஒன்றாகவே இருக்கிறது. கூடை போயிற்று, சந்து மூடப்பட்டது, ஆனால் கூடை சுமந்தவரின் பேரனையே குழிக்குள் இறக்குகிறோம். முன்பு அவர் வீட்டுக்குப் பின்னே மறைந்திருந்தார். இப்போது மண்ணுக்குள்ளே மறைகிறார். குழாய் வந்ததால் கொடுமை ஒழிந்துவிடவில்லை. கண்ணுக்குப் படாத இடத்துக்குக் குடிபெயர்ந்தது.

சட்டம் தூங்கவில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம், காப்புக் கருவியும் முன்னெச்சரிக்கையும் இன்றி எவரையும் சாக்கடையிலோ கழிவுத் தொட்டியிலோ இறக்கி வேலை வாங்குவதைக் குற்றமாக்கியது. முதற் குற்றத்துக்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு இலட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் ஐந்தாண்டு, ஐந்து இலட்சம். இச்சட்டம் நகராட்சிக்கு மட்டுமன்று. தனி மனிதருக்கும் பொருந்தும். அதாவது, புறக்கடையில் நின்று 'இறங்கு' என்று சொல்லும் வீட்டுக்காரர்க்கும் பொருந்தும். மாண்டவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் வழங்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. உயிருக்கு விலை உயர்ந்தது, நல்லது. உயிரே போகாதிருக்க வழி என்ன?

வழி, வீட்டுக் குழாயை அது உடைவதற்கு முன்பே பேணுவதில் தொடங்குகிறது. குழாய் பேசும், கேட்கத் தெரிய வேண்டும். ஒரு தொட்டியில் மட்டும் நீர் தேங்கினால் அடைப்பு அங்கேயே இருக்கும்; வீடு முழுவதும் மெல்ல வடிந்தால் நோய் பெருங்குழாயில் இருக்கிறது. மேலே நீரூற்றக் கீழே குடகுடவென ஒலித்தால் காற்றுவழி அடைபட்டிருக்கிறது. சுவரில் ஈரத்தழும்பு, நீங்காத நாற்றம், துருநிறக் கசிவு - இவை குழாய் எழுதும் விண்ணப்பங்கள்.

விண்ணப்பம் வந்ததும், இடிக்கத் தொடங்காதீர், முதலில் பாருங்கள். ஒளிவிளக்குப் பொருத்திய சிறு கேமராவை வடத்தின் நுனியில் கட்டிக் குழாய்க்குள் செலுத்தி, எங்கே வேர், எங்கே விரிசல், எங்கே படிவு என்று திரையில் காணும் வசதி இன்று நகரங்களில் கிடைக்கிறது. படிவு மட்டும் எனில், அளவான அழுத்தத்தில் நீர் பாய்ச்சிக் கழுவலாம். மெலிந்த குழாயில் அழுத்தம் மிகுந்தால் அதுவே உடைக்கும். ஈய மூட்டு ஒன்று கசிந்தால், பழைய ஈயத்தை உளியால் அடித்து இறுக்கலாம், அல்லது எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்கலாம். ஒரு துண்டு மட்டும் கெட்டிருந்தால், அதை அறுத்தெடுத்து, அங்கே பி.வி.சி. குழாயை இட்டு, இரு முனைகளையும் ரப்பர் உறையும் துருப்பிடிக்காத பட்டையும் கொண்டு இணைக்கலாம். ஆனால் அறுக்குமுன் மேலே நிற்கும் குழாய்க்கு முட்டுக் கொடுக்க மறவாதீர்: ஆறடி நீளத்து நாலங்குல வார்ப்பிரும்புக் குழாய் ஒன்றே ஏறத்தாழ 20 கிலோ எடை, மாடி உயரக் குழாய் சரிந்தால் கீழே நிற்பவன் கதி என்ன?

குழாய் நெடுகிலும் நோயுற்றிருந்தால், மாற்றுவதே முறை. தரையை உடைக்க இயலாத இடத்தில், குழாய்க்குள்ளே குழாய் செய்யும் முறையும் உண்டு. பிசின் ஊட்டிய துணிக்குழலை உள்ளே செலுத்தி, பழைய சுவரோடு ஒட்டச் செய்து, வெந்நீராலோ நீராவியாலோ இறுக வைப்பர். எரிக் வுட் என்னும் ஆங்கிலேயர் 1971-இல் லண்டனில் செய்து காட்டிய முறை இது. எனினும், பழைய குழாய் உருக்குலைந்து அமிழ்ந்திருந்தால் அதுவும் உதவாது. எம்முறை ஆயினும் நான்கு ஒழுங்குகள் மாறா: நாலங்குலக் குழாய்க்கு நாற்பதடிக்கு ஓரடி என்ற அளவை ஒட்டிய சரிவு, திருப்பங்களில் திறந்து பார்க்க மூடி, கூரைக்கு மேலே காற்றுக்குழல், ஒவ்வொரு வாயிலும் ஆவியைத் தடுக்கும் நீர்ப்பூட்டு. இவற்றைச் செய்து, நீர் நிரப்பிச் சோதித்து, எது எங்கே செல்கிறது என்று ஒரு படம் வரைந்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்று அறியாமையே, பின்னாளில் ஓர் ஆளைக் குழிக்குள் தேடவிடுகிறது.

வீட்டுச் சுவரோடு கடமை முடிந்ததா? இல்லை. பாதாள சாக்கடை இல்லாத ஊர்களில் குழாய் சென்று சேருமிடம் கழிவுத் தொட்டி. அதை ஒழுங்காக இடைவெளி விட்டு, உறிஞ்சு எந்திர ஊர்தி கொண்டே எடுக்க வேண்டும். எடுத்ததை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கும் கொங்கு மண்ணே விடை தேடியிருக்கிறது: 2015-இல் தொடங்கிய தமிழ்நாடு நகர்ப்புறத் துப்புரவு ஆதரவுத் திட்டம், கோவை மாவட்டத்தின் பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் ஆகிய பேரூர்களைத் தன் சோதனைக் களமாகக் கொண்டது. தெருச் சாக்கடையின் குழிக்குள் மனிதனுக்கு மாற்றாக இறங்கும் 'பாண்டிகூட்' என்னும் எந்திரத்தைக் கேரள இளைஞர்கள் உருவாக்க, அது 2018-இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. பின்னர் கும்பகோணத்துக்கும் கோவைக்கும் வந்தது. முடியாது என்று இனி எவரும் சொல்ல முடியாது.

கொடுமுடிக்கு இதில் தனி அக்கறை உண்டு. ஆறு மேலிருந்து கீழே வருகிறது. பவானியில், ஈரோட்டில் ஒரு வீட்டுக் குழாய் பிளந்து கழிவு வாய்க்காலில் கலந்தால், அது வந்து சேருமிடம் கொடுமுடித் துறை. ஆடிப்பெருக்கன்று அங்கே ஆயிரமாயிரம் பேர் நீராடுகின்றனர். பாவம் போகும் என்று மூழ்குகின்றனர். மேலூரின் பழுதுக் குழாய் போக்கிய அழுக்கில் மூழ்குகிறோம் என்று எண்ணுவதில்லை. ஆற்றைத் தெய்வமென்று கும்பிடுபவர், தம் வீட்டுக் கழிவு அதில் கலவாமல் காப்பதையே முதல் வழிபாடாகக் கொண்டால் என்ன? ஒருவன் வீட்டுத் துரு, இன்னொருவன் ஊரின் நோய். தனித்தனி வீடு என்பது சுவருக்கு மேலேதான். மண்ணுக்கடியில் நாம் அனைவரும் ஒரே குழாயில் இணைந்தவர்கள்.

"செலவு ஆகுமே!" என்பர் சிலர். ஆகும், மறுப்பதற்கில்லை. ஆனால் முன்வாயிலுக்கு ஆண்டுதோறும் வண்ணம் பூசச் செலவு ஆகவில்லையா? வாசற்படியை மாற்றினால் நல்வாய்ப்பு வருமென்று சோதிடர் சொன்னதும், நல்ல சுவரையே இடிக்கச் செலவு ஆகவில்லையா? இருக்கும் கேட்டைக் கண்டு திருத்துவதற்குப் பணமில்லை என்பவர், இல்லாத கேட்டுக்கு அஞ்சிப் பணத்தைக் கொட்டுகிறார். உடல்நலமில்லை என்றால் மருத்துவரிடம் செல்லும் அறிவு, குழாய் நலமில்லை என்றால் பொறி அறிந்தவரிடம் செல்வதுதானே? அப்படி வருபவரை, படித்த தொழில் வல்லுநராக மதித்து, முன்வாயில் வழியே அழைத்து, உரிய கூலியை முகம் பார்த்துக் கொடுப்பதும் செப்பனிடுதலில் ஒரு பகுதியே.

புறக்கடைக்குச் சென்று, அந்தப் பழைய இரும்பை இன்று ஒருமுறை உற்றுப் பாருங்கள். கையால் தட்டுங்கள், மூட்டுகளைக் காணுங்கள், கசிவு உண்டா என்று தேடுங்கள். நம் முன்னோர் செய்த கொடுமைகளிலே ஒன்றை நிறுத்த அது வந்தது. அதைத் துருவேற விட்டுவிட்டு, அதன் வேலையை மீண்டும் ஒரு மனிதனிடம் ஒப்படைத்தால், குழாய் மட்டுமன்று, நாமும் உள்ளீடற்றுப் போனோம் என்றே பொருள். துருப்பிடித்த இரும்பை அறுத்தெறியுங்கள்; அதோடு, குழிக்குள் இறங்க ஒரு குலம் உண்டு என்னும் நினைப்பையும் அறுத்தெறியுங்கள். முன்னது ஒரு நாள் வேலை. பின்னது நம் தலைமுறையின் வேலை. இரண்டையும் இன்றே தொடங்கலாம்!